முதுகு காட்டிய வீடு

சென்சா ஸெராஃபாவின் வீட்டைத் தேடி வந்தவர்கள் யாரும் முதல் முறையிலேயே கதவைத் தட்டியதாகச் சரித்திரம் இல்லை. தெரு சரியாக இருக்கும், எண்ணும் சரியாக இருக்கும். ஆனால் வாசல் இருக்க வேண்டிய இடத்தில் சமையலறை ஜன்னலும், துணி துவைக்கும் அறையும், கொடியில் காயும் போர்வைகளும்தான் கண்ணில் படும். ஹார்க்கின்ஸ் ஃப்ளாட் என்ற அந்தப் புறநகரில் மற்ற வீடெல்லாம் தெருவைப் பார்த்து நிற்க, இது ஒன்று மட்டும் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தபால்காரர், ரொட்டிக்காரர், ஓட்டுக் கேட்டு வருகிறவர், ஆண்டவரைப் பற்றிப் பேச வரும் டை கட்டிய பையன்கள் என்று எல்லோருக்கும் அந்த வீட்டில் கிடைத்தது கொல்லைப்புற தரிசனம்தான்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் அவள் கணவன் விஸ்தின்.

ஹார்க்கின் என்பவரின் மாட்டுப் பண்ணையைத் துண்டு போட்டு விற்றார்களே, அந்தக் காலத்துக் கதை. சிட்னிக்குள் இடம் வாங்கக் கையில் வசதியில்லாத மால்ட்டாக்காரர்களும் போலந்துக்காரர்களும், போருக்குப் போய் வந்த உள்ளூர்க்காரர்களும் மேற்கே மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். விஸ்தின் செங்கல் சூளையில் வேலை பார்த்தான். மனை விற்ற தரகர் விரித்த வரைபடத்தில் மனைகளுக்குப் பின்னால் ஒரு புள்ளிக்கோடு ஓடியது. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சென்சாவிடம் சாப்பாட்டு மேசை மேல் விரலால் வரைந்தே காட்டினான்.

"இது தெரு. இது நம்ம மனை. இந்தப் பக்கம் பாரு, ரயில். நமக்கு நேரா ஸ்டேஷன்."

"இப்ப அங்க என்ன இருக்கு?"

"இப்பவா? இப்ப மாடு இருக்கு."

முதலில் கராஜைக் கட்டினார்கள். எல்லோரும் அப்படித்தான். மனையின் ஓரத்தில் தகரம் போட்டு ஒரு கராஜ், அதற்குள்ளேயே அடுப்பு, கட்டில், பிறந்த குழந்தை. பின்பு கையில் சேரச் சேர வீடு. வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள். சூளையில் கழித்துப் போட்ட செங்கல்லைச் சனிக்கிழமை சனிக்கிழமையாகக் கொண்டுவந்து, விஸ்தின் தன் கையாலேயே சுவர் எழுப்பினான். அஸ்திவாரம் தோண்டும்போதுதான் சென்சாவுக்கு விஷயம் பிடிபட்டது. வாசல்படிக்கு அவன் கயிறு கட்டியிருந்தது மாடு மேயும் பக்கம்.

"விஸ்தின், தெரு அந்தப் பக்கம்."

"தெரு எல்லா வீட்டுக்கும்தான் இருக்கு. ரயில்ல போற சனம் என்ன, என் வீட்டுக் கக்கூஸையா பாத்துட்டுப் போகணும்?"

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததை மால்ட்டாக்காரர்கள்தான் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்கு வாசல் கதவுதான் முகம். உள்ளே சோற்றுக்கு இருக்கிறதோ இல்லையோ, கதவுக்குப் புதுச் சாயமும் படிக்குக் கழுவலும் தவறாது. தட்டுவதற்கு இரண்டு பித்தளை டால்பின்கள், பக்கத்தில் பளிங்கில் வீட்டின் பெயர். விஸ்தினின் அப்பா இறந்தபோது அண்ணன் தம்பிகள் நிலத்துக்கு அடித்துக்கொண்டார்கள்; இவன் அந்த வீட்டுக் கதவின் டால்பின்களை மட்டும் கழற்றிக் கம்பளிச் சட்டையில் சுற்றிக்கொண்டு கப்பல் ஏறினான். அப்படிப்பட்ட டால்பின்களைச் சேற்றுத் தெருவுக்கு எப்படிக் காட்டுவான்? ஊர் பார்க்க வேண்டாமா? ஊர் ரயிலில்தான் வரும் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். பச்சைக் கதவு வைத்தான், டால்பின்களை முடுக்கினான், வராந்தாவில் இரண்டு நாற்காலிகளைப் போட்டான். மாடுகள் வந்து வேலிக்கு அந்தப்புறம் நின்று பார்த்தன.

பக்கத்து வீட்டு மெர்ல் டக்கி, வாய்க்குப் பூட்டில்லாத பெண். நல்லவள்தான், ஆனால் ஒரு வேடிக்கை கிடைத்தால் விடமாட்டாள்.

"ஏன் சென்சா, உங்க வீடு எங்ககூட ஏதாவது கோவமா? திரும்பி உக்காந்துருக்கே?"

"என் புருஷனைக் கேளு."

"கேட்டேனே. அடுத்த வருஷம் ரயில் வந்துரும்னாரு. எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வையி."

சென்சா சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதாள். இருபத்திரண்டு வயதில், பாஷை தெரியாத ஊரில், ஊரே சிரிக்கிற வீட்டுக்கு எஜமானியாக இருப்பது லேசான காரியம் இல்லை.

அந்தத் தெருவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மழை பெய்தால் தெரு என்று ஒன்று இருக்காது, கஞ்சி இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்து, அங்கே கைப்பையிலிருந்து நல்ல செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, பூட்ஸை வேலியோரம் வரிசையாகக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் அவரவர் பூட்ஸ் அவரவருக்காகக் காத்திருக்கும். ஒருநாளும் ஒன்று தொலைந்ததில்லை. கக்கூஸ் வாளியை எடுத்துப் போக வாரம் ஒருமுறை ஆள் வருவார். கிறிஸ்துமஸுக்கு அவருக்கு ஒரு பாட்டில் பீர் வைக்காத வீடு கிடையாது. பள்ளிக்கூடம் வேண்டும் என்று மெர்ல் கூட்டம் கூட்டினாள், சாக்கடை வேண்டும் என்று விஸ்தின் கையெழுத்து வாங்க அலைந்தான். ஒவ்வொன்றாக வந்தன. முதலில் தார், பிறகு மின்விளக்கு, ரொம்ப நாள் கழித்துச் சாக்கடை. கோழிப்பண்ணை போன இடத்தில் தொழிற்சாலை வந்தது, தொழிற்சாலை போன இடத்தில் அடுக்குமாடி. மால்ட்டாக்காரர் கடையை லெபனான்காரர் வாங்கினார், அவரிடமிருந்து வியட்நாம்காரர் வாங்கினார். எல்லாம் வந்தது. ரயில் மட்டும் வரவில்லை.

வரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. தேர்தலுக்குத் தேர்தல் வந்தது. மாடு மேய்ந்த அந்தப் பட்டையான நிலத்தில் ஆட்கள் வந்து முளை அடித்துச் சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போவார்கள். அன்று விஸ்தினைப் பிடிக்க முடியாது. டால்பின்களைத் துடைத்து, படியைக் கழுவி, சென்சாவை எழுப்பிப் பாலாடைக்கட்டி வைத்த பஸ்தீத்ஸி சுடச் சொல்லி, முளை அடிக்கிறவர்களுக்கு வேலிக்கு மேலாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். தேர்தல் முடியும். முளைகளை முள்செடி மூடிக்கொள்ளும். அப்புறம் பழைய கார்களைக் கொண்டுவந்து அங்கே தள்ளிவிட்டுப் போவார்கள்.

"நீ சுட்ட பஸ்தீத்ஸியத் தின்ன வாயால அந்த எஞ்சினியரே சொன்னாரு, இந்தத் தடவை நிச்சயமாம்."

"போன தடவை தின்னவரும் அதைத்தானே சொன்னாரு."

"அவரு வேற கட்சி."

சென்சா திட்டித் தீர்ப்பாள். மகள் டோரிஸ் கல்யாணத்தன்று வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறை வழியாக, வெங்காயக் கூடையைத் தாண்டிக் காருக்குப் போனாள். அன்று சென்சா புருஷனோடு பேசவில்லை. ஆனாலும் சனிக்கிழமை தோறும் டால்பின்களைத் துடைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? விஸ்தினுக்கு மூட்டுவலி வந்தபின் அவள்தான். வாயில் வசவு, கையில் துணி. அப்படி ஒரு பிறவி.

விஸ்தின் போனது ஒரு ஆகஸ்ட் மாதம். சவப்பெட்டி தூக்க வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு சென்சாவிடம் மெதுவாகச் சொன்னார்கள்.

"அம்மா, இப்படி சமையலறை வழியா எடுத்தா வண்டி கிட்டக்கதான் நிக்குது. முன்பக்கமா எடுத்தா சுத்திவர வழியில்ல, ஒரே முள்ளு."

"முன்வாசல் வழியாத்தான் போவாரு."

"அம்மா..."

"கொல்லை வழியா என் புருஷனை யாரும் தூக்கக் கூடாது."

அவள் அதுவரை அப்படி உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. வீட்டுக்கும் கோழிக்கூண்டுக்கும் இடையில் பெட்டி நுழையாது. மெர்லின் புருஷன் போய்க் கத்தரி எடுத்துவந்து, தன் வேலிக் கம்பியைத் தானே வெட்டினார். பச்சைக் கதவு திறந்தது, விஸ்தின் டால்பின்களைத் தாண்டி, முள்செடிக்குள் இறங்கி, மெர்லின் தோட்டம் வழியாக, அவள் தக்காளிப் பாத்தியை மிதித்துக்கொண்டு தெருவுக்குப் போனான். மெர்ல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று அவளிடமிருந்து ஒரு வேடிக்கையும் வரவில்லை.

பிறகு மெர்லும் போய்ச் சேர்ந்தாள். அவள் வீட்டை லோசா என்ற சமோவாக்காரப் பெண் வாங்கினாள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். புருஷன் கிடங்கில் வேலை, மூன்று பிள்ளைகள். பிள்ளைகள் சென்சாவை மால்ட்டா பாஷையில் பாட்டி என்று பொருள்படும் 'நான்னா' என்று கூப்பிடப் பழகி, பிறகு லோசாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை லோசா தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேப்பங்கீரை அனுப்புவாள், சென்சா பஸ்தீத்ஸி அனுப்புவாள். மெர்லின் புருஷன் வெட்டிய வேலியை யாரும் தைக்கவில்லை. அந்த ஓட்டைதான் இரண்டு வீட்டுக்கும் வழி.

அப்புறம் ஒருநாள் மறுபடியும் முளை. சென்சா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் இந்த முறை முளைக்குப் பின்னால் புல்டோசர் வந்தது. பழைய கார்களை அள்ளினார்கள், முள்ளை உரித்தார்கள், கல்லைக் கொட்டினார்கள். சென்சா வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டாள்.

"வருதுடா மனுஷா. இப்ப வருது."

சந்தோஷம் நிலைக்க வேண்டுமே. அடுத்த மாதமே ரயில்காரர்கள் கிளப் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். டீகன் என்ற இளம்பெண் வந்து படம் போட்டுக் காட்டினாள். பாதைக்கும் வீடுகளுக்கும் நடுவில், இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல், சாம்பல் நிறத்தில் ஒரு சத்தத் தடுப்புச் சுவர். வரிசையில் எல்லா வீட்டுக்காரர்களும் சம்மதித்தால் கட்டுவார்கள். நடுவில் ஒரு வீட்டுக்கு மட்டும் விட்டுவிட்டுக் கட்ட முடியாது, அந்த ஓட்டை வழியாகச் சத்தம் எல்லோர் வீட்டுக்குள்ளும் வந்துவிடும்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஏன் ஆட்டமாட்டார்கள்? அவர்கள் வீட்டுப் படுக்கையறையெல்லாம் அந்தப் பக்கம்.

சென்சா எழுந்தாள். "எனக்கு வேண்டாம்."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. டீகன் பணிவாகத்தான் கேட்டாள். "ஏன் வேண்டாம்னு சொல்றீங்க, மிஸஸ் ஸெராஃபா?"

"என் வீட்டு வாசல் அந்தப் பக்கம் இருக்கு."

பின் வரிசையில் ஒருவர் முனகினார். "கிழவி ஒருத்திக்காக நாங்க எல்லாம் தூக்கத்தை விடணுமா?"

இன்னொருவர் பதில் சொன்னார். "அந்த வீட்டைக் கட்டினப்பவே ஊரு சிரிச்சுதாம்."

சென்சாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். லோசாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். யோசிக்க எல்லோருக்கும் மாதக் கடைசி வரை தவணை கொடுத்துவிட்டு டீகன் போய்விட்டாள்.

டோரிஸ் காரை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

"ம்மா, ஆயுசு பூரா அந்த வாசலைத் திட்டினது நீதானே? இப்ப என்ன திடீர்னு?"

"திட்டுறதுக்கு எனக்கு உரிமை இருக்கு. மறைக்கிறதுக்கு அவங்களுக்கு யாரு குடுத்தா?"

"அப்பா போயிட்டாரும்மா."

"அவர் போயிட்டாரு. அவர் வச்ச கதவு போகலையே. ரயில்ல போற சனம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் கதவைப் பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் சுவர் கட்டட்டும், கோட்டை கட்டட்டும்."

நியாயமான ஆசைதான். ஆனால் நியாயம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் உலகத்தில் சண்டையே வராதே. தெருவில் சிலர் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள். லோசா மட்டும் மாறவில்லை. வேலி ஓட்டை வழியாகப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் சென்சாவே வலியக் கேட்டாள்.

"நீ என்ன சொல்ற, மகளே?"

"உங்க வாசல், நான்னா. நீங்க சொல்றதுதான்."

"உனக்குத் தூக்கம்?"

"நான் எங்கயும் தூங்கிருவேன்."

மாதம் முடிய இன்னும் சில நாள்தான். ஒரு மத்தியானம் சென்சா காய்கறி சூப் வைத்துக்கொண்டு ஓட்டை வழியாகப் போனாள். பாதைக்காகப் பூமிக்குள் இரும்புத் தூணை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் லோசா வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. படுக்கையறையில் கட்டில் காலி. சென்சாவுக்குப் பயம் வந்துவிட்டது. ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

குளியலறையில், காய்ந்த குளியல் தொட்டிக்குள், லோசா தூங்கிக்கொண்டிருந்தாள். பெரிய உடம்புக்காரி, கால்களை மடக்கி, தலையணையைக் காதோடு அழுத்திப் பிடித்து, நர்ஸ் சட்டையைக்கூட மாற்றாமல் கிடந்தாள். அந்த வீட்டில் ரயில் பாதைப் பக்கம் சுவரோ ஜன்னலோ இல்லாத, நடுவில் அடைபட்ட அறை அது ஒன்றுதான். தூணில் அடி விழும்போதெல்லாம் தூக்கத்திலேயே அவள் புருவம் நெரிந்தது.

சென்சா சூப் பாத்திரத்தோடு நின்றாள். பிறகு பாத்திரத்தைச் சத்தமில்லாமல் அடுப்பின் மேல் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, டீகனுக்குப் போன் போட்டாள்.

"சுவரைக் கட்டிக்கோம்மா. சீக்கிரமாக் கட்டு."

போனை வைத்தபின் வராந்தாவுக்குப் போய் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். "என்னைக் கோவிச்சுக்காத. அந்தப் பொண்ணு தொட்டியில தூங்குது."

சுவர் எழும்பியது. பச்சைக் கதவைத் திறந்தால் சாம்பல் கான்கிரீட், வேறொன்றும் கிடையாது. லோசாவுக்கு யார் சொன்னார்களோ, ஓடி வந்து சென்சாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அட, விடு," என்றாள் சென்சா. ஆனால் அந்த வாரச் சனிக்கிழமை அவள் டால்பின்களைத் துடைக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. யாருக்காகத் துடைப்பது? வராந்தா நாற்காலிகளைக்கூட எடுத்து உள்ளே போடப் போனாள், கை வரவில்லை, அப்படியே விட்டுவிட்டாள்.

ரயில் ஓடத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் இலவசப் பயணம். ஹார்க்கின்ஸ் ஃப்ளாட் முழுக்கத் திரண்டு போயிற்று. சென்சா வரமாட்டேன் என்றாள். லோசா விடவில்லை.

"கார்ல ஏறுங்க நான்னா. இல்லன்னா தூக்கிட்டுப் போயிருவேன், எனக்கு அது பழக்கம்தான்."

வீட்டு வரிசை முடிகிற இடத்தில் பெரிய சாலைக்கு மேல் பாதை பாலமாகப் போவதால், நிலையத்தை ஒரு மாடி உயரத்தில் தூக்கிக் கட்டியிருந்தார்கள். லிஃப்டில் ஏறி மேடைக்கு வந்தார்கள். ஒரே கூட்டம், பாண்டு வாத்தியம், பலூன். லோசா சென்சாவைக் கூட்டத்திலிருந்து விலக்கி மேடையின் கடைசி முனையில் இருந்த பெஞ்சில் உட்காரவைத்தாள். சென்சா மூச்சு வாங்கிக்கொண்டு கம்பியைப் பிடித்தாள், கீழே பார்த்தாள்.

அந்த உயரத்துக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. சுவருக்கு அந்தப்புறம் வீடுகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் முதுகு. துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி, உடைந்த சைக்கிள், குப்பைத் தொட்டி, துருப்பிடித்த தகரக் கொட்டகை. நடுவில் ஒரே ஒரு வீடு மட்டும் முகம் காட்டி நின்றது. செங்கல் சுவர், கழுவின படி, இரண்டு நாற்காலி, பச்சைக் கதவு.

அவள் அதைப் பார்த்ததே இல்லை. அத்தனை வருஷம் அதற்குள் இருந்தாளே தவிர, அத்தனை தள்ளி நின்று, வருகிற போகிறவர்களைப் போல, அந்த வீட்டை முன்பக்கமாக அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. நிற்க இடம் ஏது, முள்ளும் பழைய காரும்தானே இருந்தன. விஸ்தின் மட்டும் எப்படியோ அதைப் பார்த்திருக்கிறான். மாடு மேய்ந்த காலத்திலேயே பார்த்துவிட்டான்.

பக்கத்தில் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர், தலைப்பாகை கட்டிய சீக்கியர், தன் மனைவியிடம் கையை நீட்டிக் காட்டினார்.

"அங்க பாரேன், அந்தப் பச்சைக் கதவு. அத்தனை வீட்டுக்காரன்லயும் அவன் ஒருத்தனுக்குத்தான் ரயில் வரும்னு தெரிஞ்சிருக்கு."

சென்சா கம்பியை விட்டாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும் அவருக்கு," என்றாள். "எனக்குத்தான் தெரியல."

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை, மரியாதைக்குத் தலையசைத்தார். அப்போதுதான் முதல் வண்டி வந்தது. கூட்டம் கைதட்டியது, கதவுகள் திறந்தன, பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். லோசா கையை நீட்டினாள்.

"வாங்க நான்னா, ஜன்னல் சீட்டு பிடிச்சுத் தர்றேன்."

சென்சா எழுந்திருந்தாள், ஆனால் வண்டிப் பக்கம் போகவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். பச்சைக் கதவின் நடுவில் மினுங்க வேண்டிய இரண்டு இடமும் கறுத்துக் கிடந்தன.

"நீ பிள்ளைங்களோட போய்ட்டு வா, மகளே. நான் வீட்டுக்குப் போறேன்."

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இத்தனை சனம் பாக்குது, டால்பின் ரெண்டும் கறுத்துப் போயிருக்கு. சாயங்கால வண்டிக்குள்ள துடைச்சாகணும்."